வெள்ளிக்கிழமை போலிசி வரும்

பக்கத்து நாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் நீங்கள் என்று சொன்னார்கள். அறிக்கை எப்படி எழுதுவது, கூட்டம் எப்படி நடத்துவது, யாரிடம் எப்போது அனுமதி கேட்பது என்பதையெல்லாம் உங்கள் அலுவலகத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்தைப் பற்றி. அந்த எழுத்தால் ஓர் ஆற்றங்கரைக் காடு முழுதாகப் போயிருக்கும். அதைத் தட்டச்சு செய்தவள் நான். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாரத்தை நினைத்தால் முதலில் பயம் வரும், பிறகுதான் சிரிப்பு வரும்.

எண்பதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய் மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் சங்கத்தின் அலுவலகம் இருந்தது. இரண்டு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அலுவலகம். கீழே மில் ஓடுகிற நாளில் மேலே தும்மாமல் ஒரு வரியை முடிக்க முடியாது. சம்பளத்துக்கு இருந்தவள் நான் ஒருத்திதான். செயலாளர் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்துவிட்டு, மாலை நான்கரைக்கு மேல் வந்து உட்காருவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. என்னை 'பிள்ளை' என்பார், 'நீர்' என்பார். கோபம் வந்தால் 'நீங்கள்' என்று ஏறிவிடும், அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் நம் ஊருக்கு அடுப்புக் கரி இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலிருந்து மரக்கலத்தில் வந்தது. தஞ்சோங் ரூ படகுத்துறையில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும். சலவைக்கடைக்காரரின் இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்ததும் அதுதான், சாத்தே இறைச்சி சுடுகிறவர் விசிறிக்கொண்டிருந்ததும் அதுதான். எல்லாம் பாக்காவ் மரத்தின் கரி. அலையாத்தி என்று நீங்கள் படித்திருப்பீர்கள், அதே மரம். எரித்தது சிங்கப்பூர், வெட்டுப்பட்டது தீவு. இதை எப்படியாவது நிதானப்படுத்த வேண்டும் என்று நாங்களும், மலேசியாவின் ஜொகூரில் இருந்த ஒரு மீனவர் சங்கமும், ரியாவில் ஒரு சிறு தீவின் கம்போங்கும், அதாவது கிராமமும், சேர்ந்து பேசத் தொடங்கியிருந்தோம்.

மரத்தைக் கரியாக்கும் சூளைகளை மூடச் சொல்லவில்லை. மூடினால் அந்த கம்போங் எதைத் தின்னும்? நீங்கள் இப்போது நீடித்த வளர்ச்சி என்று கணீரென்று சொல்கிறீர்கள். எங்களுக்கு அப்போது அந்தச் சொல் பழகவில்லை. வெட்டுங்கள், ஆனால் மிச்சம் வையுங்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாஷை. மிச்சம் வைக்க வேண்டியதில் முக்கியமானது ஆற்றங்கரையோரம் இருந்த மரவரிசை. அதற்குப் பின்னால்தான் கம்போங்கின் ஒரே கிணறு. அடுத்த தீவில் கரையை மொட்டையடித்ததில் கடல் உள்ளே வந்து கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அந்த ஜனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். இங்கே அந்த வரிசை நின்றால் கிணறு நிற்கும், கிணறு நின்றால் கம்போங் நிற்கும்.

ஏழு விதிகள் எழுதினோம். எழுதினோம் என்றால், இங்கே மாடியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம். மலாயில் பெயர்த்தது நான். எனக்கு மலாய் நன்றாக வரும் என்று எனக்கே ஒரு மமதை. சங்கத்துக்கு வருமுன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம் மலாய்க் கடிதங்கள் தட்டியவள். இன்சூரன்ஸ் பாலிசிக்கு மலாயில் 'போலிசி'. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல் என் விரல் வழியாகப் போயிருக்கும். ஆகவே விதிகளுக்கும் அதே பெயரை வைத்தேன். போலிசி ஒன்று, போலிசி இரண்டு என்று ஏழு வரைக்கும்.

சரிபார்க்காமல் அனுப்பவில்லை, அந்த அளவுக்கு அவசரக்குடுக்கை இல்லை. விதிகளையும் கூடவே போக வேண்டிய கடிதத்தையும் ஜொகூர் சங்கத்துக்கு அனுப்பி ஒவ்வொரு வரியும் பார்க்கச் சொன்னேன். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை, அருமையான மலாய் என்று பாராட்டுக் கடிதமே வந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டும் முறையை ஒன்றாக்கி வைத்திருந்தபடியால், ஜொகூரில் சரி என்றால் ரியாவிலும் சரி என்று நினைத்துவிட்டேன். கடிதத்தைப் படிக்கப் போகிற தீவுக்காரர்களில் ஒருவரிடமாவது காட்டியிருக்கலாம். தோன்றவில்லையே!

கம்போங் தலைவருக்கு நான் எழுதிய கடிதம் இதுதான்: "இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின், ஏழு போலிசிகளுடன் தங்கள் கம்போங்குக்கு வருகிறோம். இவை எல்லாக் கரிச் சூளைகளுக்கும் பொருந்தும். தங்கள் முழு ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்." கரிப் படகின் மாலுமி பாக் ஹசானிடம் கொடுத்தனுப்பினேன். அந்தத் தீவுக்காரர், மாதம் இரண்டு முறை கரியோடு தஞ்சோங் ரூ வருவார். தபாலைவிட அவர் நம்பகம்.

செவ்வாய்க்கிழமை பகல் அவர் படகு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். வழக்கமாக என்னைக் கண்டதும், "சிக் வந்தாச்சு, இனி எழுத்தெல்லாம் பயந்து ஓடும்" என்று கிண்டல் செய்கிற மனிதர். 'சிக்' என்றால் நம் ஊர் 'மிஸ்' மாதிரி, 'பாக்' என்றால் 'ஐயா' மாதிரி. அன்றைக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நாங்கள் பேசியது மலாய், தமிழில் சொல்கிறேன்.

"வெள்ளிக்கிழமை வர்றது உறுதிதானா, சிக்?"

"உறுதிதான் பாக். எல்லாம் ரெடி."

"போலிசி எத்தனைன்னு எழுதியிருந்தீங்க?"

"ஏழு."

"ஏழா? எங்க சின்ன கம்போங்குக்கு ஏழு எதுக்கு? ரெண்டு போதாதா?"

"இன்னும் அதிகமா இருந்துச்சு பாக். நாங்கதான் ஏழாக் குறைச்சோம்" என்றேன் பெருமையாக.

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "வந்துட்டுத் திரும்பிப் போயிடும்தானே?"

"திரும்புறதா? நிரந்தரமா அங்கேயேதான் இருக்கும்."

"அப்ப சாப்பாடு யாரு போடுறது?"

அவர் வெள்ளிக்கிழமை விருந்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "அந்தக் கவலை உங்களுக்கு வேணாம். சிராங்கூன் ரோட்டுல இருந்து பிரியாணியே கொண்டு வர்றோம்" என்றேன். பாக் ஹசான் மரப்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார். "அப்ப அவங்க வெட்டுறது சரிதான்" என்று முணுமுணுத்தார்.

"யாரு? எதை வெட்டுறாங்க?"

"ஆத்தங்கரை மரத்தைத்தான். பாதிப் பேருகிட்ட வெட்டுற அனுமதிச் சீட்டு காலாவதியாகிக் கிடக்கு. போலிசி வந்து உக்காந்துட்டா அப்புறம் ஒரு குச்சி எடுக்க முடியாது, அதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டிச் சூளையில போட்டுடலாம்னு தலைவர் வீட்டு முன்னாடி பேசினாங்க. நேத்து நான் கிளம்புறப்பவே கோடரிச் சத்தம் கேட்டுச்சு."

"விதியைப் பார்த்து யாராச்சும் இப்படிப் பயப்படுவாங்களா பாக்?"

"எந்த விதி? போலிசி, சிக், போலிசி" என்று தோள்பட்டையில் இரண்டு விரலால் கோடு போட்டுக் காட்டினார். தலையில் தொப்பி வைக்கிற மாதிரியும் காட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் பக்கத்து மலாயில் காவல்துறைக்கு 'போலிஸ்', பாலிசிக்கு 'போலிசி'. இந்தோனேசியாவில் அப்படியே தலைகீழ். அங்கே இன்சூரன்ஸ் பாலிசிதான் 'போலிஸ்', காவல்துறைதான் 'போலிசி'. ஏழு போலீஸ்காரர்களோடு வருகிறோம், எல்லாச் சூளைக்கும் அவர்கள் உண்டு, ஒத்துழையுங்கள் என்று நான் எழுதி, கையெழுத்தும் போட்டு, சங்கத்தின் முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறேன். போதாக்குறைக்கு அவர்களுக்கு பிரியாணி வேறு.

எந்த மரவரிசையைக் காப்பாற்ற அந்தக் கடிதம் போனதோ, அதையே அந்தக் கடிதம் வெட்டிக்கொண்டிருந்தது. எப்படி அலுவலகம் வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. வந்தவுடன் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினேன். செயலாளர் வரும்போது மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டிருந்தேன், நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப நீர் என்ன எழுதிறீர், பிள்ளை?"

"போலிசி வராதுன்னுதான் சார். பாக் ஹசான் கையிலயே கொடுத்துடலாம்."

"அப்ப அந்தச் சொல்லு இரண்டாந்தரமும் போகுது. ஒரு கடிதம் வரும் எண்டு சொல்லுது, அடுத்தது வராது எண்டு சொல்லுது. அந்தச் சனம் எதை நம்பும்?"

"சொல்லை மாத்தி, விளக்கமா எழுதுறேன் சார்."

"நீர் விளக்கம் எழுத, அவையள் மரம் வெட்டுவினம். தாளை உருவும். நாளைக் காலமை படகுக்கு நேரிலை போவம்."

இதை நான் எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தவுடன் நம் கை தானாகவே தாளைத் தேடும். விளக்கம் எழுதினால் நம் மனசு ஆறும். அங்கே கோடரி நிற்குமா என்று கேட்க வேண்டும். செயலாளருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பக்கத்திலேயே இருக்கும் செந்தோசாத் தீவுக்குப் போய் வந்தாலே வாந்தி எடுப்பவர். அவர் நேரில் போவோம் என்றது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் அணிவது எப்போதும் காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. துறைமுக வேலையில் அப்படிப் பழகியவர். "சார், இப்படியே படகை விட்டு இறங்கினீங்கன்னா மிச்ச மரத்தையும் வெட்டிடுவாங்க லா" என்றேன். அவர் தம்மையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கீழே போய் எதிர்க்கடையில் ஆர்க்கிட் பூப் படம் போட்ட மஞ்சள் பனியன் ஒன்று வாங்கி வந்தார். சுற்றுலாக்காரர்கள் வாங்குவது. மறுநாள் அதைப் போட்டு, கட்டம் போட்ட லுங்கிச் சாரமும் கட்டிக்கொண்டு ஃபிங்கர் பியர் படகுத்துறையில் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

அன்று காலை நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் கணவர், "இவ்வளவு காலையில எங்கம்மா கிளம்பிட்டே?" என்று கேட்டார்.

"போலிசி விஷயமா ரியாவ் போறேங்க."

"பழைய இன்சூரன்ஸ் வேலைக்கே போயிட்டியா? நல்லதாப் போச்சு, அங்க சம்பளம் கூட" என்றார் மனுஷன். விளக்கிச் சொல்ல நேரமில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு ஓடினேன்.

படகிலிருந்து கரி இறக்க இரண்டு நாளாகும் என்பதால், வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு பாக் ஹசானும் எங்களோடு வந்தார். ரியாவின் தஞ்சோங் பினாங்குத் துறையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வெளியே வந்ததும், அவருடைய மைத்துனரின் விசைப்படகு. செயலாளர் தலையைப் படகுக்கு வெளியே தொங்கப் போட்டவர்தான், தீவு வரும்வரை உள்ளே எடுக்கவில்லை. இடையிடையே நிமிர்ந்து, "பயப்படாதேயும் பிள்ளை" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு மறுபடி தொங்கினார்.

ஆற்று முகத்துவாரத்தில் படகு திரும்பியபோது பிற்பகல் மூன்று இருக்கும். முதலில் கண்ணில் பட்டது வெட்டின கட்டைகள். வெள்ளை வெளேரென்று, புதுசாக, சேற்றில் வரிசையாக நின்றன. நான் எண்ணவில்லை, எண்ணத் தெம்பில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று வாய்விட்டே சொன்னேன். பாக் ஹசான், "பொறுங்க சிக், வளைவு தாண்டட்டும்" என்றார்.

வளைவு தாண்டியது. மரங்கள் நின்றன. கரையோடு கரையாக, வேர்களைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, கம்போங்கின் படித்துறை வரைக்கும் வரிசை அறுபடாமல் நின்றது. கோடரிச் சத்தமே இல்லை. செயலாளர் கண்ணைத் திறந்து, "நிக்குதோ?" என்று கேட்டார். "நிக்குது சார்" என்றேன்.

படித்துறையில் ஆண்கள் ஒருவரும் இல்லை. ஒரு பெண் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கைகளில் முழங்கை வரை களிமண். ஃபாத்திமா என்று பெயர், தீமா என்பார்கள். கணவன் இறந்தபின் இரண்டு சூளைகளைத் தானே நடத்துகிறவள் என்று பாக் ஹசான் சொல்லியிருந்தார். அவள் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மிச்சப் பேரு எங்கே?" என்றாள்.

"நாங்க ரெண்டு பேர்தான் தீமா" என்றேன். "போலிசின்னா எங்க ஊர்ல சட்டதிட்டம் மாதிரி, ஒரு காகிதம். நான் எழுதினது தப்பு. தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சுடுங்க."

அவள் திரும்பி வீடுகளைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். "நான் சொன்னேனா இல்லையா?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "திங்கக்கிழமை பூரா வெட்டினாங்க அக்கா. நேத்துக் காலையில நான் போய் மரத்துக்கு முன்னாடி நின்னுட்டேன். போலிசியைக் கூட்டிட்டு வர்றவன் நாள் குறிச்சு, நேரம் குறிச்சு, முன்னாடியே கடுதாசி போட்டுட்டா வருவான்? கடுதாசி போடுறவனுக்கு வேற ஏதோ பேச வேண்டியிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் கையைக் கட்டிட்டு இருங்க, கிணத்துத் தண்ணி உங்க அப்பன் வீட்டுதா, என்னுதும்தான்னு சொன்னேன்."

இரண்டு நாட்டு அறிவாளிகள் பார்த்துச் சரி என்ற கடிதத்தில் இருந்த கோளாறை, எழுதப் படிக்கத் தெரியாத அவள்தான் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையெல்லாம் களிமண்.

கம்போங் தலைவர் வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏழையும் வாய்விட்டு வாசி என்றார்கள். அந்தச் சொல்லை மறுபடி உச்சரிக்க எனக்கு நாக்கு எழவில்லை. போலிசி வந்த இடத்தில் எல்லாம் 'ஜஞ்ஜி' என்று மாற்றி வாசித்தேன். வாக்குறுதி என்று அர்த்தம். ஜொகூரானாலும் ரியாவானாலும் அதற்கு ஒரே பொருள்தான். ஆற்றிலிருந்து முப்பது அடிக்குள் வெட்டக்கூடாது. இளமரத்தைத் தொடக்கூடாது. வெட்டின இடத்தில் விதைமரம் விடாமல் நகரக்கூடாது. இப்படியே ஏழும் வாசித்து முடித்தேன்.

தீமா களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "ஏழும் எங்க ஜஞ்ஜி. உங்க ஜஞ்ஜி எது?"

நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழு விதியிலும் அவர்கள் செய்யக்கூடாதவைதான் இருந்தன. சிங்கப்பூரில் உட்கார்ந்து கரியை எரிக்கிற நாங்கள் செய்ய வேண்டியது என்று ஒரு வரி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல் தப்பாகத்தான் போயிருந்தது. ஆனால் அந்தத் தாளைப் படித்து அவர்கள் போலீஸ் என்று நினைத்ததில் அப்படி ஒன்றும் பெரிய தப்பில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். மஞ்சள் பனியனில், வெளுத்துப்போன முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார். பாக் ஹசான் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்: "சிங்கப்பூர் தவுக்கே முதலாளிங்க கரிக்கு விலை கூட்டித் தருவாங்கன்னு சொல்லுங்களேன்." அந்த நிமிஷத்தில் அதைச் சொல்லியிருந்தால் கைதட்டி ஒத்துக்கொண்டிருப்பார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

அவர் சொல்லவில்லை. தடுமாறிய மலாயில், "விலை என் கையில இல்ல. என் கையில இல்லாததை நான் கொடுத்தா, அது பொய்" என்றார். வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் எழுந்தே போய்விட்டார். பிறகு செயலாளர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "எங்கட கையிலை என்ன இருக்குது, பிள்ளை? யோசிச்சுச் சொல்லும்."

"பேனாதான் சார் இருக்கு. பேப்பருக்கு எழுதுறோம், ஆபீஸுக்கு எழுதுறோம். வேற என்ன செய்றோம்?"

"ஓம். அப்ப அதைக் குடுப்பம்."

அவர் சொல்லச் சொல்ல, நான் மலாயில் சொன்னேன். இந்தத் தீவைப் பற்றியோ இந்தச் சூளைகளைப் பற்றியோ எந்தப் பத்திரிகைக்கு எழுதினாலும், எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும், எழுதினதை முதலில் இங்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டுவோம். நீங்கள் திருத்திய பிறகுதான் அது வெளியே போகும். தீமா தலைவரைப் பார்த்தாள். தலைவர் மெல்லத் தலையசைத்தார். "அதை முதல்ல எழுது. எங்க ஏழும் அதுக்குக் கீழே வரட்டும்" என்றாள். அப்படியே எழுதினேன். எழுந்து போனவர்கூடத் திரும்பி வந்தார், கையெழுத்தோ கட்டைவிரல் ரேகையோ எல்லாரும் வைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஜொகூர் சங்கத்திலிருந்து ஒரு வாரம் தொலைபேசியில் கோபித்தார்கள். நம் பேனாவை யாரைக் கேட்டு அடகு வைத்தீர்கள் என்றார்கள். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேறை என்ன குடுக்க இருக்கு, சொல்லுங்கோ, மாத்தி எழுதுவம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களிடமும் வேறொன்றும் இல்லை. கடைசியில் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லை தாண்டி ஒரு தாளை அனுப்புமுன், அதில் நம் பங்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். நான் மறந்த நாளெல்லாம் இடறித்தான் விழுந்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை அந்தத் தீவைப் பற்றிக் கட்டுரை கேட்டது. ஒப்புக்கொண்டபடி, எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மரவரிசை அப்படியே நின்றது. வெட்டின கட்டைகளின் இடையில் கன்றுகள் முளைத்து என் முட்டி உயரம் வந்திருந்தன. கிணற்றிலிருந்து தீமா மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர். அவள் சூளை வாயைக் களிமண்ணால் மெழுகிக்கொண்டே கட்டுரை முழுவதையும் கேட்டாள். முடித்ததும், "முதல் வரியை மறுபடி படி அக்கா" என்றாள்.

"இந்தத் தீவின் ஏழைக் கரித்தொழிலாளர்கள்..."

"ஏழைன்னு யாரைச் சொல்றே?"

பேனாவை எடுத்தேன்.

"அதை அடி. மரத்தை மிச்சம் வச்சவங்கன்னு போடு."

அடித்துவிட்டு அப்படியே போட்டேன்.